கண் திறத்தல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் பெய்த மழையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதி ஓய்ந்தாயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியாமல் நின்று, நூற்றுக்கணக்கான ஜனங்கள் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். இவையெல்லாம் செய்தி. வீட்டுக்குள் வந்த தண்ணீர் எதைத் தொட்டது, எதைத் தொடாமல் விட்டது என்பது செய்தியாகாது. அது அந்தந்த வீட்டோடு போய்விடுகிறது.

ஆதிச்சநல்லூருக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில் என் அத்தை இருக்கிறாள். வயது எழுபத்தைந்து. அவள் வீட்டுக்குள் தண்ணீர் மார்பளவு நின்றது. வடிந்தபின் நான் போய்ச் சேர ஐந்து நாளாயிற்று. நெல் மூட்டை, பீரோ, மிக்ஸி, பேரனின் பள்ளிச் சான்றிதழ்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், கடைசியில்தான் சுவரைக் காட்டினாள். பூஜை அறைச் சுவரில் மூன்று படங்கள் தொங்கும். இரண்டு மேலே இருந்ததால் தப்பித்தன. மூன்றாவது, ஆச்சியின் படம், நீர்மட்டத்துக்குள் போய்விட்டது. அத்தை அதை இறக்கி, பிரேமைக் கழற்றாமல், முற்றத்து வெயிலில் சாத்தி வைத்திருந்தாள். ஈரமானதை வெயிலில் காயவைக்க வேண்டும் என்பது அப்பளத்துக்கும் துணிக்கும் பொருந்துகிற நியாயம். போட்டோவுக்கு அதுதான் எமன்.

ஏன் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் என்பது காகிதத்தின் மேல் ஜெலட்டின் பூச்சு, அந்தப் பூச்சுக்குள் வெள்ளித் துகள்கள். ஜெலட்டின் மாட்டு எலும்பிலும் தோலிலும் இருந்து காய்ச்சி எடுப்பது. தண்ணீர் பட்டால் ஊதும், பசையாகும். கண்ணாடியோடு ஒட்டிய நிலையில் உலர்ந்துவிட்டால் பிறகு காகிதம் தனியாகவும் முகம் தனியாகவும்தான் வரும். ஈரம் காயுமுன்பே பிரேமைக் கழற்றி, சுத்தமான குளிர்ந்த நீரில் சேற்றை அலசி, முகம் மேலே தெரிய நிழலில் வைத்து உலர்த்தியிருக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் அதற்கு வழியில்லை என்றால் அப்படியே உறையவைத்துவிட்டால்கூடத் தப்பிக்கும். மின்சாரமே இல்லாத ஊரில் எதை உறையவைப்பது? சேற்றை வாரிக்கொட்டுகிறவளுக்கு இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கண்ணாடியைப் பிரித்தபோது இடது கன்னமும் நெற்றியில் பாதியும் கண்ணாடியோடு வந்துவிட்டன. வலது கண் தப்பித்தது. இடது கண் இருந்த இடத்தில் காகிதத்தின் நார் தெரிந்தது.

இந்தப் படத்துக்கு ஒரு கதை உண்டு. அப்பா இறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு என்னிடம் சொன்னார். அத்தைக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எழுபது வருஷம் அவர் அவளிடம் சொல்லவில்லை என்பதே ஒரு கட்டளை மாதிரி.

ஆச்சி இறந்தது 1953இல். அப்பாவுக்குப் பதினொன்று, அத்தைக்கு ஐந்து வயது. உயிரோடிருந்தவரை ஆச்சியை யாரும் படம் எடுக்கவில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் ஒரு புறம், செலவு ஒரு புறம். இறந்த அன்று தாத்தா, பாளையங்கோட்டைக்கு ஆள் அனுப்பி ஸ்டுடியோக்காரரை வரவழைத்தார். ஆச்சியைக் குளிப்பாட்டி, பட்டு கட்டி, நாற்காலியில் உட்கார்த்தி, பின்னால் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, தலையைத் துணியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். அத்தை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா தூங்குகிறாள் என்று சொல்லியிருந்தார்கள்.

பதினைந்து நாளில் படம் வந்தது. ஸ்டுடியோக்காரர் பிள்ளைகளை வெட்டி நீக்கிவிட்டு ஆச்சியை மட்டும் பெரிதாக்கியிருந்தார். கழுத்துக் கட்டு தெரியாமல் மாலை வரைந்திருந்தார். மூடியிருந்த இமைகளின் மேல், நுண்ணிய தூரிகையால், இரண்டு திறந்த கண்களை எழுதியிருந்தார். அப்பா சொன்னார்: "அந்த ஆளு எங்க அம்மாவை உசிரோட பாத்ததே இல்லை. ஆனா கண்ணு சரியா இருந்துது. தாத்தா படத்தை வாங்கிப் பாத்துட்டு உள்ளே போயி ரொம்ப நேரம் வெளியே வரலை." அப்புறம் ஒன்றும் சொன்னார். படத்தின் வலது ஓரத்தில், நாற்காலிக் கையின் மேல், நான்கு சிறிய விரல்கள் வெட்டுப்படாமல் தங்கிவிட்டன. அத்தையின் விரல்கள்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அதற்குப் பிறகும்கூட, இது வழக்கமாக இருந்த ஒன்று. இறந்தவரை நாற்காலியில் வைத்து எடுப்பது, சேர்ந்து படமெடுத்துக்கொள்ளாமல் போன கணவன் மனைவியை இரண்டு வேறு படங்களிலிருந்து வெட்டி ஒரே திரைக்கு முன்னால் உட்கார்த்துவது, நெகடிவில் பென்சிலால் கன்னத்தை நிரப்புவது, நகை எழுதுவது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடித் திரட்டி எண்மப் பிரதிகளாக்கி வைத்திருக்கிறது. நம்முடைய ஸ்டுடியோக்காரர்கள் காமிராவை ஒருபோதும் சாட்சியாக மட்டும் நினைத்ததில்லை என்று சொல்ல அப்படிப்பட்ட திரட்டுகளே போதும். வெள்ளைக்காரன் மட்டும் என்ன? சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் திருச்சியையும் படம் பிடித்த லின்னேயஸ் ட்ரைப், வெறுமையாக விழுந்த வானத்தில் மேகங்களை நெகடிவில் கையால் எழுதிச் சேர்த்தவர். அன்று மதுரை மேல் அந்த மேகம் இருந்ததா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஆக, பழுதடைந்த ஆச்சியின் படத்தைச் சீர்படுத்த வேண்டும் என்று அத்தை சொன்னபோது எனக்கு எழுந்த கேள்வி, ரசாயனம் பற்றியது இல்லை. எதை மீட்பது? நாற்காலியில் கண்மூடி இருந்த பிரேதம் ஒன்று. ஸ்டுடியோக்காரர் கண் எழுதிய ஸ்திரீ ஒன்று. எழுபது வருஷம் சாம்பிராணிப் புகையிலும் சந்தனப் பொட்டிலும் பழுத்து, வெள்ளத்தில் பாதி போன முகம் ஒன்று. மூன்றும் ஒரே காகிதத்தில் இருக்கின்றன. ஒன்றை மீட்டால் மற்ற இரண்டும் போகும்.

நான் இப்படி யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் அத்தையின் பேரன் காரியத்தை முடித்துவிட்டான். பக்கத்து டவுனில் ஒரு கடை. கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றினார்கள், ஒரு நிரலை ஓட்டினார்கள், அரை மணி நேரத்தில் பிரின்ட். பளபளப்பான காகிதத்தில், கலரில், ஆச்சி. கன்னத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இரண்டு கண்ணிலும் ஜன்னல் வெளிச்சம். உதட்டில், எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு சிரிப்பின் தொடக்கம். நாற்காலிக் கையின் மேலிருந்த நான்கு விரல்கள் இல்லை. நிரல் அவற்றைச் சேற்றுக் கறை என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிட்டது.

அத்தை படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "அம்மா அப்படியே இருக்கால்லா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைத்தான் இங்கு கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். ஏனென்றால் முதல் வேகத்தில் நான் சொல்லிக்கொண்ட காரணம் நிற்கவில்லை.

முதல் காரணம்: இது பொய். புகைப்படம் என்பது ஒளி பதித்த தடம். அந்த உடம்பின் மேல் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வெள்ளியைக் கறுக்க வைத்தது. அந்தத் தொடுகை ஒன்றே அதன் பெறுமதி. அதைக் கலைப்பது துரோகம். 1980இல் வெளிவந்த தன் கடைசிப் புத்தகத்தில் ரொலான் பார்த் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார். தாய் இறந்தபின் பழைய படங்களைக் கிளறி, ஐந்து வயதுப் பெண்ணாக அவள் நிற்கும் ஒரு படத்தில் அவளைக் கண்டுபிடிக்கிறார். புத்தகம் முழுக்கப் படங்கள். அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது இன்னொரு பழைய படம்தான் என்கிறார். நல்லது. ஆனால் பார்த்தின் தாய் காமிராவுக்கு முன் உயிரோடு நின்றாள். எங்கள் ஆச்சியின் கண்களில் ஒளி பதித்த தடம் எதுவும் கிடையாது. தூரிகையின் தடம்தான் உண்டு. பொய் என்றால் 1953லேயே பொய். அந்தப் பொய்யின் முன்தான் என் அப்பா ஒவ்வொரு பரீட்சைக்குப் போகும்போதும் விபூதி பூசிக்கொண்டார். அதைக் காப்பாற்ற வேண்டும் என்றும், கடைக்காரப் பையனின் பொய்யைக் கண்டிக்க வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் இரண்டு பொய்களுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்ட வேண்டும்.

பழசுக்கு வருகிற கௌரவம் மட்டும்தான் வித்தியாசம் என்று ஒரு கட்சி சொல்லும். எழுபது வருஷம் கழித்து இந்தப் பளபளப்பும் பழுத்துவிடும், அன்றைக்கு ஒருவன் இதைக் கட்டிக்கொண்டு அழுவான் என்று. இதை என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை. ஆனாலும் ஒன்று இருக்கிறது. பாளையங்கோட்டைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரேதத்தின் முன் நின்றார். பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் கண்களைப் பார்த்துத்தான் ஆச்சிக்குக் கண் எழுதினாரோ என்னவோ. அப்பாவுக்கு அப்படித்தான் ஒரு நினைப்பு. எப்படியும் அவர் எழுதியது இந்த ஒருத்திக்காக. இன்றைய நிரல் அப்படி இல்லை. முகங்களைச் சீர்படுத்தும் இவ்வகை நிரல்களில் பரவலாகப் புழங்கும் ஒன்று, ஃப்ளிக்கர் என்ற இணையத் திரட்டிலிருந்து எடுத்த 70,000 முகங்களைக் கொண்டு பழக்கப்பட்டது. பழுதான இடத்தில் என்ன இருந்தது என்று அது தேடுவதில்லை. தேட அங்கே ஒன்றும் இல்லை. முகங்களில் பொதுவாக அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று கேட்டுக்கொண்டு அதை வைக்கிறது. ஆக, ஆச்சியின் இடது கன்னம் எழுபதாயிரம் பேரின் கன்னம். அவர்கள் யாரும் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்கள் இல்லை என்பதல்ல என் புகார். குடித்திருந்தாலும் இதே புகார்தான். சாவின் குறிகள் ஆச்சியின் முகத்தில் இருந்தன: சற்றே இறங்கிய தாடை, கட்டினால் ஒரு பக்கம் இழுபட்ட கழுத்துத் தோல். ஸ்டுடியோக்காரரின் தூரிகை அவற்றை மறைக்கப் பார்த்துத் தோற்றது. அந்தத் தோல்வியில்தான் ஆச்சி இருந்தாள். நிரல் தோற்கவில்லை.

இந்த இடத்தில் பரம்புக்குப் போக வேண்டும். அத்தை வீட்டிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம். ஆதிச்சநல்லூர்த் தாழிக்காடு என்று ஊரில் சொல்கிற மேட்டு நிலம், 114 ஏக்கர். 1876இல் பெர்லினிலிருந்து யாகோர் வந்து தோண்டிக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார். 1899இலிருந்து அலெக்சாண்டர் ரீ சில வருஷங்கள் தோண்டினார். அவர் எடுத்தவை எழும்பூர் மியூசியத்தில். மண்டையோடுகளை அளந்து ஸக்கர்மன் எழுதிய அறிக்கையை 1930இல் சென்னை மியூசியம் வெளியிட்டது. 2004-05இல் சத்தியமூர்த்தி குழு தோண்டி நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளை வெளிப்படுத்தியது. அந்தத் தோண்டலின் மாதிரிகளுக்கு கி.மு. 905, கி.மு. 696 என்று காலக்கணிப்பு வந்தது 2019இல். அதற்கும் நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது. 2021இல் மறுபடி தோண்டல். 2023 ஆகஸ்டில், வெள்ளத்துக்கு நான்கு மாதம் முன்பு, களத்திலேயே ஒரு காட்சியகம் திறந்தார்கள். தோண்டிய குழி அப்படியே இருக்கிறது. மேலே கண்ணாடித் தளம். காலுக்குக் கீழே தாழிகள், விரிசலோடு, உடைந்த வாயோடு, பாதி மண்ணோடு.

இது புதிய ஒழுக்கம். ரீ காலத்தில் தாழியை எடுத்து, உடைந்ததை ஒட்டி, இல்லாத இடத்தைப் பிளாஸ்டரால் நிரப்பி, பீடத்தில் வைப்பதுதான் மரியாதை. இன்று, விட்ட இடத்தில் விட்டு, உடைந்ததை உடைந்ததாகக் காட்டுவது மரியாதை. ஐரோப்பாவில் இந்தச் சண்டை பழசு. பிரான்ஸில் வியோலே-லெ-டியூக், ஒரு கட்டிடத்தைச் சீர்படுத்துவது என்றால் அது எக்காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக் கொண்டுபோவதாகக்கூட இருக்கலாம் என்றார். இங்கிலாந்தில் ரஸ்கின் 1849லேயே, சீர்படுத்துதல் என்ற சொல்லே ஏமாற்று என்று சீறினார். நடுவில் ஒரு வழியை இத்தாலிக்காரர் செசரே பிராண்டி கண்டார். 1939இல் ரோமில் தொடங்கிய மத்திய மீட்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர். அவர்கள் செய்தது இது: ஓவியத்தில் வண்ணம் உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவது. தூரத்திலிருந்து பார்த்தால் படம் முழுசாகத் தெரியும். கிட்டே போனால் கோடுகள் தெரியும்: இது பிற்காலத்துக் கை, இங்கே ஒரிஜினல் இல்லை என்று.

நமக்கு இதற்கு ரோம் வரை போக வேண்டியதில்லை. ஆதிச்சநல்லூருக்குக் கிழக்கே சில மைலில் ஆழ்வார்திருநகரி. கவிராயர்கள் வீடுகளில் ஏடு தேடி உ.வே.சாமிநாதையர் வந்த ஊர். செல்லரித்த ஏட்டில் எழுத்துப் போன இடத்தில் அவர் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளை நிரப்ப அவருக்குத் தமிழ் போதாதா? பழம்பாட்டின் ஓசையும் சொல்லும் அவருக்குள் ஊறிப் போனவை. அவர் இட்டுக்கட்டியிருந்தால் நம்மில் எவனாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. பதிற்றுப்பத்தை 1904இல் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லாமலே வெளியிட்டார். பரிபாடலை 1918இல், எழுபதில் இருபத்திரண்டோடு. நம் விமரிசகர்கள் அவருடைய உழைப்பைப் பாராட்டிய அளவுக்கு அந்தப் புள்ளிகளைப் பாராட்டியதாக எனக்குத் தெரியவில்லை. தன் திறமையை எங்கே பிரயோகிக்கக் கூடாது என்று அறிந்த ஒரு மனத்தின் தடம் அது.

இவ்வளவும் சேர்த்து, ஆச்சியின் படத்திலும் புள்ளி வைக்க வேண்டும், போன கன்னத்தைப் போனதாகவே விட வேண்டும் என்று முடித்துவிட்டால் கட்டுரை சுலபம். ஆனால் அத்தை அந்தப் படத்தைப் படிப்பதில்லை. கும்பிடுகிறாள்.

இந்த வித்தியாசத்தை எங்களைப் போன்றவர்கள் மறந்துவிடுகிறோம். மூக்குடைந்த சிலை மியூசியத்தில் பொக்கிஷம், கருவறையில் பின்னம். பின்னமான மூர்த்தியைப் பூஜையில் வைப்பதில்லை. நீரில் விட்டுவிட்டுப் புதுசு செய்வது முறை. புதுசுக்கு எல்லா வேலையும் முடிந்தபின் ஸ்தபதி கடைசியாகக் கண் திறக்கிறார். அதற்குமுன் அது கல். ஏடுகளுக்கும் இதே விதிதான் இருந்தது. பிரதி எடுத்தபின் பழசை ஆடிப்பெருக்கில் விட்டார்கள். சாமிநாதையர் இதைக் கேட்டு மனம் நொந்து எழுதினார். ஆனால் விட்டவர்கள் காட்டுமிராண்டிகள் இல்லை. ஓலை அழியும், பாட்டு தங்கும், ஆகவே ஓலையை மாற்று என்பது அவர்கள் கணக்கு. பிரதி எடுப்பதை நிறுத்திவிட்ட தலைமுறையும் விடுவதை மட்டும் நிறுத்தாமல் தொடர்ந்தது. விபரீதம் அங்கேதான் நேர்ந்தது.

அத்தையின் கணக்கும் அதுதான். அவளுக்கு அந்தக் காகிதம் ஓலை. உள்ளே இருப்பது அம்மா. முகம் பாதி போன அம்மாவுக்கு எப்படிப் பூ வைப்பாள்? நான் மெச்சுகிற புள்ளி, அவள் பார்வையில் பின்னம். ஐந்து வயதில் பறிகொடுத்த தாயின் முகம் அவள் நினைவில் இல்லை என்பதை அவளே சொல்லியிருக்கிறாள். அவள் மனத்திலிருப்பது அந்தப் படத்தின் முகம். "அப்படியே இருக்கால்லா" என்றது, படம் தாயைப் போலிருக்கிறது என்பதற்காக இல்லை. படம், படத்தைப் போலிருக்கிறது. எழுபது வருஷமாக அவள் பேசிவந்த ஒரு முகம் திரும்பி வந்திருக்கிறது, கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு. அவளுக்கு நான் ரஸ்கினைச் சொல்வதா?

அப்படியானால் எல்லாம் அவரவர் உபயோகத்தைப் பொறுத்தது என்று ஒதுங்கிவிடலாமா? அதற்கும் மனம் ஒப்பவில்லை. கடலுக்கு அப்பால் பார்க்க வேண்டும். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் வீதியோரப் பந்தல்களில் உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்கில் உட்கார்ந்தார்கள்; பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். ஒவ்வொருத்தியின் மடியிலும் ஒரு படம். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி லாமினேஷன் செய்தது, கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. யுத்தத்தில் வீடு வீடாக இடம்பெயர்ந்தபோது பதுங்குகுழியிலும் மழையிலும் சேலை மடிப்பிலும் தப்பி வந்த படங்கள். மங்கியவை, கிழிந்தவை. அந்தப் படத்தின் வேலை பூஜை இல்லை. அதற்குப் பூ வைக்க அந்தத் தாய்கள் மறுக்கிறார்கள். பூ வைத்தால் இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் படம் ஒரு கேள்வி: இவன் எங்கே? அங்கே ஒரு கடைக்காரன் கன்னத்துத் தழும்பைத் துடைத்து, பொதுவான ஒரு இளைஞனின் கன்னத்தை வைத்தால் அது அழகுபடுத்தல் ஆகாது. இன்னொரு முறை காணாமல் ஆக்குவது.

ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பின் யாமமோட்டோ என்ற சிறு ஊரில் மட்டும் ஏழரை லட்சம் அளவில் படங்களைச் சேற்றிலிருந்து பொறுக்கித் தொண்டர்கள் கழுவினார்கள். யாருடையவை என்று தெரியாதவை. கழுவி, உலர்த்தி, எண்ணிட்டு, தேடி வந்தவர்களிடம் கொடுத்தார்கள். முகம் முற்றிலும் கரைந்துபோனவற்றையும் எறியவில்லை. யாரும் எதையும் எழுதி நிரப்பவும் இல்லை. கழுவுவதோடு நின்றார்கள். சொந்தமில்லாதவனுக்கு அந்த இடத்தில் கை நின்றது சரி என்று தோன்றுகிறது. நிரப்பும் உரிமை ஏதேனும் உண்டென்றால் அது பறிகொடுத்தவளுக்கு. அந்நியனுக்குக் கழுவும் கடமை மட்டும். அத்தை கண் எழுதச் சொல்லலாம். கடைக்காரனின் நிரல் கேளாமலே விரல்களைத் துடைக்கக் கூடாது.

கோபத்தின் நிஜமான இடம் இதுதான் என்று பிறகு புரிந்தது. கன்னம் இல்லை, சிரிப்பு இல்லை. அந்த நான்கு விரல்கள். படத்தில் தூரிகை படாத, ஒளி மட்டுமே பதித்த, உயிருள்ள ஒரே பொருள் அவைதான். செத்த தாயின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை. நிரலுக்கு அது கறை. காரணம் ரொம்பச் சாதாரணம். ஒரு படத்தின் ஓரத்தில் உடம்பில்லாத விரல்கள் இருக்கும் என்று எழுபதாயிரம் படங்களும் அதற்குச் சொல்லித் தரவில்லை. இதுவரை படத்தைப் பார்த்த யாருக்கும், எனக்கும், அது நாற்காலியின் சிற்ப வேலையாகத்தான் தெரிந்தது. அப்பா சொன்ன பிறகுதான் விரலாயிற்று.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடியோடு வந்த துண்டையும் மிஞ்சிய காகிதத்தையும் அப்படியே ஸ்கேன் செய்தேன். இரண்டையும் அமிலமில்லாத காகித உறையில் போட்டு, ஈரமும் கரப்பானும் அணுகாத ஓரிடத்தில் வைத்தேன். கடைக்குப் போய், புதிய பிரின்டில் விரல்களை மட்டும் பழைய ஸ்கேனிலிருந்து எடுத்து ஒட்டித் தரச் சொன்னேன். பையன் நல்லவன். "அது கறைல்லா சார்?" என்றான். விரல் என்றேன். பெரிதாக்கிப் பார்த்தான். அதன்பின் ஒன்றும் கேட்காமல் கையால், நிரலை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் செய்தான். காசு கூட வாங்கவில்லை.

அந்தப் பிரின்டை எடுத்துக்கொண்டு போன அன்று அத்தையையும் பரம்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அவள் போனதில்லை. கண்ணாடித் தளத்தின் மேல் நடக்க மாட்டேன் என்றாள். செத்தவர்கள் தலைமேல் நடப்பதா? ஓரமாக நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே குனிந்து பார்த்தாள். "இதுகளையும் கொஞ்சம் தொடைச்சு வச்சிருக்கலாம்" என்றாள். அப்புறம் வெகு நேரம் கழித்து, "இல்லலே, கெடக்கட்டும்" என்றாள். எதனால் மனம் மாறினாள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தை மாட்டும்போது விரல்களைப் பார்த்துவிட்டாள். இது என்ன என்றாள். உங்க கைதான் அத்தை, பக்கத்தில் நின்றீங்களாம், அப்பா சொன்னார் என்றேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அப்போ நான் எங்கெலே?"

வெட்டிவிட்டார்கள் என்பதைச் சொன்னேன். கண்களைப் பற்றிச் சொல்லவில்லை. உறைக்குள் இருக்கிற பழைய படத்தின் பின்புறம் இரண்டையும் பென்சிலில் எழுதி, வருஷம் போட்டு வைத்திருக்கிறேன்.